ஆறு நாள் மென்ற இலை

நச்சறுப்பான் கொடியை மதுரைக்காரர்களில் பாதிப்பேராவது பார்த்திருப்பார்கள். பார்த்ததாக நினைவிருக்காது. கண்மாய்க்கரைப் புதரிலும் பழைய தோட்டத்து முள்வேலியிலும் சுற்றிக்கொண்டு கிடக்கும். கொஞ்சம் தடித்த இலை, எதிரெதிராக இரண்டிரண்டு. பூ இருக்குமிடம் தெரியாது, அவ்வளவு சிறியது. காய் முற்றி வெடித்தால் பஞ்சுமுடியோடு விதை பறக்கும். நாய்ப்பாலை, கொடிப்பாலை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தாவரவியலார் நெடுங்காலம் டைலோஃபோரா என்றார்கள். இப்போது வின்செடாக்சிகம் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இந்த இலையை 1960-களின் பிற்பகுதியில் டெல்லியில் ஒரு மருத்துவர் ஆஸ்துமா நோயாளிகளிடம் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். நாளுக்கு ஓர் இலை. ஆறு நாள். அவ்வளவுதான் வைத்தியம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் நெஞ்சக நோய் நிறுவனத்தில் பணியாற்றிய டி.என். சிவபுரிதான் அவர். இந்தியாவில் ஒவ்வாமை மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். காற்றில் எந்த மாதம் எந்த மகரந்தம் பறக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஆய்வாளர், வேலிக்கொடியின் இலையையும் அதே கறாரோடு சோதித்தார்.

சோதித்தார் என்றால், நாலு பேருக்குக் கொடுத்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டதில்லை. 110 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு இலை. மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத, மருந்துபோலத் தோன்றும் வெற்று மருந்து. யாருக்கு எது போகிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது; இதுதான் இரட்டை மறைப்பு. பிறகு இரு அணியையும் இடம் மாற்றினார்கள். 1969-இல் அமெரிக்க ஒவ்வாமை ஆய்விதழில் முடிவு வெளியானது. ஒரு வாரம் முடிந்தபோது இலை மென்றவர்களில் 62 சதவீதம் பேருக்கு ஓரளவிலிருந்து முழுமை வரை நிவாரணம். வெற்று மருந்து அணியில் 28 சதவீதம்.

ஆறே இலைக்கு இது சாதாரணமான முடிவல்ல. இலை நின்ற பிறகும் சிலருக்கு நிவாரணம் வாரக்கணக்கில் நீடித்ததாகவும் அவர் எழுதினார். 1972-இல் இலையை விட்டுவிட்டு அதன் ஆல்கஹால் சாற்றை 195 பேரிடம் சோதித்தார்கள். இம்முறை 56-க்கு 32. இடைவெளி குறைந்தது, ஆனால் மறையவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இந்த இலை மாத்திரையாகக் கிடைப்பதில்லை. "மூலிகையெல்லாம் மூடநம்பிக்கை" என்று முடித்துவிடுகிறவர்களுக்கும் இந்த ஆய்வு தெரியாது. "நம் முன்னோர் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்கிறவர்களுக்கும் தெரியாது. இரண்டு தரப்பும் ஐம்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற விஷயத்தில், பாதி விடை ஆய்விதழ்களின் பழைய கட்டுகளில் உறங்குகிறது.

மூச்சு முட்டும் மாதங்கள்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இழுப்புக்கென்று ஒரு பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் பூஞ்சை பிடிக்கும். மார்கழிப் பனி இறங்கும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்த நெல் தை மாதத்தில் களத்துக்கு வரும். தூற்றும்போது எழும் தூசியில் களமே மங்கலாகத் தெரியும். இடையில் போகிப் புகை. வெள்ளைக்கல் குப்பைக்கிடங்கில் நெருப்புப் பிடித்தால் அவனியாபுரம் பக்கம் நாள் கணக்கில் கண் எரியும். "பனி இறங்குனா இவனுக்கு இழுக்க ஆரம்பிச்சிரும்" என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாயின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் ஒவ்வாமை ஆஸ்துமாவில் குளிரும் புகையும் தீக்குச்சி உரசுகிற வேலையைத்தான் செய்கின்றன. எரிபொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, கரப்பானின் எச்சம், பூஞ்சை விதை, மகரந்தம் இவற்றில் ஏதோ ஒன்றை உடல் பகையென்று குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பை எழுதி வைக்கும் புரதம் ஐஜிஇ. 1960-களின் நடுவில் இஷிசாகா தம்பதி அமெரிக்காவிலும், யோஹான்சனும் பென்னிச்சும் சுவீடனிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்கள் மேல் இந்தப் புரதம் உட்கார்ந்திருக்கும். அதே மகரந்தம் மறுபடி வந்தால் செல் வெடித்து ஹிஸ்டமினையும் இன்னும் பல வேதிப்பொருள்களையும் கொட்டும். குழாய்த் தசை சுருங்கும், உட்சுவர் வீங்கும், சளி கட்டும். காற்று உள்ளே போய்விடும். வெளியே வரத்தான் பாடுபடும். அந்த விசில் சத்தத்துக்கு இப்போது கிராமத்திலும் 'வீசிங்' என்றுதான் பெயர்.

இந்த மண்ணில் மகரந்தம் என்றால் சீமைக் கருவேலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்ற உத்தரவிடும் அளவுக்கு அந்த மரம் நிலத்தடி நீர் விவகாரத்தில் பெயர் கெட்டுப்போனது. அதன் மகரந்தம் இந்தியாவின் முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று என்பது அந்தளவுக்குப் பேசப்படவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நச்சறுப்பான் படர்ந்திருக்கும் வேலிகளில் பல, சீமைக் கருவேல வேலிகள்தான்.

உப்பு தெரியாத நாக்கு

சிவபுரியின் எண்களுக்குத் திரும்புவோம். 62-ஐப் பார்த்து மகிழ்வதற்கு முன்னால் 28-ஐப் பார்க்க வேண்டும். மருந்தே சாப்பிடாத நூறு பேரில் 28 பேர் தேறியதாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா ஏறியிறங்கும் நோய். மோசமாக இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம்; அதற்கப்புறம் எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதோடு, வைத்தியம் நடக்கிறது என்ற நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதை 2011-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு குழு அளந்து காட்டியது. 39 ஆஸ்துமா நோயாளிகள் முடித்த ஆய்வு. ஒருமுறை உண்மையான சால்புட்டமால் இன்ஹேலர், ஒருமுறை வெற்று இன்ஹேலர், ஒருமுறை பாவனை அக்குபங்சர், ஒருமுறை ஒன்றுமே இல்லை. "எவ்வளவு தேவலை?" என்று கேட்டபோது முதல் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே பதில்: 50, 45, 46 சதவீதம். ஒன்றுமில்லாமல் இருந்தபோது 21. ஆனால் ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்று கருவியில் அளந்தபோது உண்மையான மருந்துக்கு 20 சதவீதம் ஏற்றம்; மற்ற மூன்றுக்கும் சுமார் 7. நோயாளியின் மனம் சரியாகிவிட்டதென்று சொல்கிறது, மூச்சுக்குழாய் இல்லை என்கிறது. "எங்க பெரியப்பாவுக்கு அந்த லேகியத்துல குணமாச்சு" என்ற சாட்சியத்தை மருத்துவ ஆய்வு ஏற்காததற்குக் காரணம் இதுதான். பெரியப்பா உண்மையைத்தான் சொல்கிறார். அவருடைய நுரையீரலை யாரும் அளக்கவில்லை.

சிவபுரியின் ஆய்வில் இன்னொரு ஓட்டை இருந்தது. இலையை மென்றவர்களில் கணிசமானவர்களுக்கு வாய் புண்ணாயிற்று, குமட்டியது, சிலர் வாந்தி எடுத்தார்கள். விசித்திரமாக, உப்புச் சுவை தற்காலிகமாக மரத்துப் போனது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சர்க்கரை மண்ணாய்த் தெரியும். இது உப்பின் மேல் கைவைக்கிறது. காலை இட்லிக்குத் தொட்ட சட்னியில் உப்பே இல்லை என்று உணர்கிற நோயாளிக்குத் தனக்குக் கிடைத்தது உண்மையான இலை என்று தெரிந்துவிடாதா? மறைப்பு அங்கேயே கிழிந்துவிடுகிறது. நம்பிக்கை ஏறிவிடுகிறது. நிவாரணம் வாரக்கணக்கில் நீடித்தது என்பதும் இருமுனைக் கத்தி. அப்படி நீடித்தால், முதலில் இலை சாப்பிட்டு அப்புறம் வெற்று மருந்துக்கு மாறியவரின் இரண்டாம் கட்டக் கணக்கில் முதல் கட்ட இலையின் வேலையும் கலந்துவிடும். அணி மாற்றும் ஆய்வு முறை இப்படிப்பட்ட மருந்துக்கு ஒத்துவராது.

இந்தக் குறைகளைச் சொல்வதால் சிவபுரியை மட்டம் தட்டுவதாக ஆகாது. அவர் அளந்து வைத்ததால்தான் நம்மால் இன்று குறை கண்டுபிடிக்கவே முடிகிறது.

சென்னை சொன்னதும் டெல்லி மறுத்ததும்

அடுத்த கட்டம் தமிழ்நாட்டில் நடந்தது. சென்னையின் மருத்துவ உலகில் கே.வி.டி. என்ற மூன்றெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு. பேராசிரியர் கே.வி. திருவேங்கடம், ஆஸ்துமாவில் தேர்ந்தவர். அவரும் சகாக்களும் 1978-இல் நச்சறுப்பானை வெற்று மருந்தோடு ஒப்பிடாமல், அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த ஆஸ்துமா மருந்தோடு மோதவிட்டார்கள். 30 நோயாளிகள். நோயாளி சொன்னதை மட்டும் நம்பாமல் மூச்சுத் திறனையும் அளந்தார்கள். இலை சாப்பிட்டவர்களின் மூச்சுத் திறன் கூடியது, இரவு மூச்சுத்திணறல் குறைந்தது.

எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியை லலிதா காமேஸ்வரனின் மருந்தியல் குழு எடுத்துக்கொண்டது. பின்னாளில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். இலையின் ஆல்கலாய்டுகள் மாஸ்ட் செல் வெடிப்பதைத் தடுக்கின்றனவா என்று ஆய்வகத்தில் பார்த்து, அதே வேலையைச் செய்யும் குரோமோகிளைகேட் என்ற மருந்தோடு ஒப்பிட்டு 1981-இல் வெளியிட்டார்கள். தடுக்கின்றன என்பது முடிவு.

குரோமோகிளைகேட்டின் கதையும் இந்த இடத்தில் பொருந்தும். எகிப்துப் பக்கம் நாட்டு மருந்தாக இருந்த ஒரு செடியின் விதைச் சரக்கிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி அது. ரோஜர் அல்டூன்யான் என்ற மருத்துவர் தானே ஆஸ்துமாக்காரர். இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்துகொண்டு, தனக்கு ஒத்துக்கொள்ளாத பொருளை வேண்டுமென்றே முகர்ந்து இழுப்பை வரவழைத்து, புதுப்புது வேதிப்பொருள்களைத் தன் மேலேயே வருடக்கணக்கில் சோதித்தார். கடைசியில் மருந்து கிடைத்தது. செடி அங்கே தொடக்கப் புள்ளியாக இருந்தது; முடிவுக்குக் கொண்டுபோனது பிடிவாதமும் நிறுவனத்தின் பணமும்.

நச்சறுப்பானுக்கு அந்த இரண்டும் வாய்க்கவில்லை. 1979-இல் டெல்லியிலிருந்து இன்னொரு இரட்டை மறைப்பு ஆய்வு வெளிவந்தது. 135 நோயாளிகள், இம்முறை பச்சை இலைக்குப் பதில் காய்ந்த இலைப்பொடி. இலைப்பொடிக்கும் வெற்று மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பொடியாக்கியதில் வீரியம் போயிற்றா? பறித்த பருவம் வேறா? முதல் ஆய்வுகளில் தெரிந்ததே நம்பிக்கையின் பலன்தானா? இதற்கு விடை காண அடுத்த ஆய்வு பெரிதாக நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 2000-இல் ஹன்ட்லி, எர்ன்ஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்துமாவுக்கான மூலிகை ஆய்வுகளை உலகெங்கும் தேடித் திரட்டியபோது தேறியவை 17. அதில் ஐந்து நச்சறுப்பான் மேல் நடந்தவை. உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்பதே அவர்கள் தீர்ப்பு. ஆமாம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் கொடி இன்றுவரை தொங்கிக்கொண்டிருக்கிறது.

காரணம் ஊகிக்கக் கடினமானதில்லை. 1972-இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்துவிட்டது. மூச்சுக்குழாயின் வீக்கத்தையே அடக்கும் ஸ்டீராய்டு, மிகச் சிறிய அளவில், நேராக நுரையீரலுக்குள். வாயைப் புண்ணாக்கும் இலைக்காக யார் மெனக்கெடுவார்கள்? வேலியில் இலவசமாகக் கிடைக்கும் இலைக்குக் காப்புரிமையும் கிடையாது. கோடிக்கணக்கில் போட்ட பணத்தை எப்படி எடுப்பது?

ஊமத்தை போன வழி

ஆஸ்துமாவுக்குத் தமிழ் மண்ணின் செடி உலக மருத்துவத்துக்குள் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறது. வழி கொஞ்சம் கரடுமுரடானது.

1802-இல் சென்னையில் கம்பெனி அரசின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் போட்டு, சிவப்புச் சாயம் தரும் பூச்சி வளர்க்கப் பார்த்தாரே, அவரேதான். ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இழுப்பு அடங்கும் என்ற உள்ளூர் வழக்கம் அவர் மூலம் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரிக்குத் தெரியவர, ஜென்ட் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அந்த நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமாக்காரர்கள் ஊமத்தைச் சுருட்டு பிடித்தார்கள். நிவாரணம் உண்டு, அளவு மீறினால் பிதற்றலும் மரணமும் உண்டு. நம்மூர்த் தாய்மார்கள் பிள்ளையை ஊமத்தங்காய்ப் பக்கம் விடாதது சும்மா இல்லை.

அந்த விஷத்தின் சாரம் அட்ரோபின் குடும்பம். வேதியியலாளர்கள் அதன் வடிவத்தைச் சற்றே மாற்றி, நுரையீரலைத் தாண்டி மூளைக்குப் போகாதபடி செய்தபோது கிடைத்தது இப்ரட்ரோபியம். இன்றைக்கு மதுரையில் எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் இழுப்போடு வருபவரின் முகத்தில் நெபுலைசர் முகமூடியை மாட்டும்போது, சால்புட்டமாலோடு சேர்ந்து ஆவியாவது பல நேரம் இதுதான். ஆடாதோடைக்கும் இப்படியொரு வாரிசு உண்டு. அதன் வாசிசின் என்ற ஆல்கலாய்டை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் செய்தார்கள், அதிலிருந்து அம்புராக்சால். சளியை இளக்க மருந்துக்கடையில் கொடுக்கும் சிரப்புகளில் பாதியில் அந்தப் பெயர் இருக்கும். பக்கத்திலேயே சித்த மருத்துவப் பிரிவில் ஆடாதோடை மணப்பாகு கொடுக்கிறார்கள். இரண்டு வரிசையில் நிற்பவர்களுக்கும் தாங்கள் உறவுக்காரர்கள் என்று தெரியாது.

ஊமத்தையின் பாதையில் கவனிக்க வேண்டியது, எந்தக் கட்டத்திலும் அதை வணங்கவும் இல்லை, வெறுத்து ஒதுக்கவும் இல்லை என்பது. விஷம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரித்தார்கள். நச்சறுப்பானுக்கும் அந்தப் பிரிப்பு அவசரமாகத் தேவை. அதன் ஆல்கலாய்டுகள் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் வீரியமுள்ளவை. இதே பேரினத்து ஆஸ்திரேலியக் கொடியொன்றின் ஆல்கலாய்டான டைலோகிரெப்ரினை 1960-களில் புற்றுநோய்க்கு மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கி, நரம்பு மண்டலத்தைப் பாதித்ததால் கைவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு வேலிப்பக்கம் போகும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான், நன்னாரி எல்லாம் நெருங்கிய உறவுக்கொடிகள்; பழகாத கண்ணுக்கு எது எதுவென்று தெரியாது.

தூதுவளை பாஸ், ஆனால் இரண்டாம் வகுப்பில்

வீட்டுக்குள்ளேயே இருக்கும் செடிகளின் கதை கொஞ்சம் தேவலை. தூதுவளைத் துவையல், தூதுவளை ரசம் இல்லாத மார்கழி மதுரை வீடுகளில் குறைவு. முள்ளை ஆய்ந்தெடுப்பதற்குள் விரல் இரண்டு இடத்தில் குத்துப்படும். கண்டங்கத்தரி கரிசலிலும் தரிசிலும் தரையோடு படர்ந்து முள்ளும் ஊதாப் பூவுமாகக் கிடக்கும். கஷாயத்துக்கு வேரோடு பிடுங்குவார்கள்.

இவை இரண்டையும் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எஸ். கோவிந்தன் குழு சோதித்து 1999-இல் வெளியிட்டது. முழுச்செடியின் பொடி, ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். இலேசான, நடுத்தரமான ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்து, முன்னும் பின்னும் கருவியில் ஊதச் சொன்னார்கள். அதே அளவுகோலில் 4 மில்லிகிராம் சால்புட்டமால், 200 மில்லிகிராம் டெரிஃபிலின் மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு இளகத் தொடங்கியது, பல மணி நேரம் நின்றது, பக்கவிளைவு எதுவும் தெரியவில்லை. ஆனால் இரண்டு செடிகளுமே அந்த மாத்திரைகளைவிடப் பலம் குறைந்தவை. 2004-இல் மூன்று நாள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோதும் இதே தீர்ப்பு.

இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கக் காரணம் அதன் நேர்மை. "தூதுவளை வேலை செய்கிறது" என்ற தலைப்பு தினத்தாள்களுக்குப் போதும். "வேலை செய்கிறது, ஆனால் பழைய மாத்திரைகளுக்கும் கீழேதான்" என்பதையும் சேர்த்து எழுதியவர்கள் அவர்கள். இது சிறிய, முன்னோட்ட ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. தசை இளகுவது ஒன்று. ஒவ்வாமை வீக்கம் அடங்குவது வேறு. முதலாவதைத்தான் அளந்திருக்கிறார்கள்.

இரண்டாவதைத் தொட்டுப் பார்த்தவர்கள் சீனர்கள். மூன்று மூலிகை சேர்ந்த ஒரு கூட்டு மருந்தை 91 நோயாளிகளிடம் ஸ்டீராய்டு மாத்திரையோடு ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். மூச்சுத் திறனோடு ஐஜிஇ-யையும் அளந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று நம் நாட்டு மருந்துக் கடை டப்பாவில் இருக்கும் அதிமதுரத்தின் இனம்.

கீழமாசி வீதியின் டப்பாக்கள்

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் அந்த டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, தாளிசபத்திரி, ஆடாதோடைப் பொடி. "சளிக்கா, இழுப்புக்கா? யாருக்குண்ணே, பெரியவங்களுக்கா?" என்று கேட்டுப் பொட்டலம் கட்டுகிற கடைக்காரர்களில் பலருக்குச் சரக்கைத் தொட்டே வயது சொல்லும் கைப்பழக்கம் உண்டு. இந்தக் கடைகளால் ஆபத்தில்லை. பேருந்து நிலையச் சுவரொட்டியில், கைபேசி வீடியோவில் "மூன்றே நாளில் ஆஸ்துமா நிரந்தர குணம்" என்று வரும் பெயரில்லாப் பொடிகள்தான் ஆபத்து. அவற்றில் சில உண்மையிலேயே மூன்று நாளில் இழுப்பை நிறுத்தும். ஸ்டீராய்டு மாத்திரையை நுணுக்கிக் கலந்திருந்தால் நிற்காமல் என்ன செய்யும்? மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்; திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாஸ்திர நூல்களில் சொல்லப்பட்ட சித்த, ஆயுர்வேத மருந்துக்கு உற்பத்தி உரிமம் வாங்க, அது வேலை செய்கிறதென்று நோயாளிகளிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. நூலில் இருந்தால் போதும். சித்த மருத்துவத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்து எழுதிய விதி. என் பார்வையில் அது மரியாதைக் குறைவு. பாளையங்கோட்டையிலும் தாம்பரத்திலும் படித்து வெளிவரும் சித்த மருத்துவர்களின் கையில் தங்கள் மருந்தைப் பற்றி நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல ஓர் எண் இல்லாமல் போவதற்கு அந்த விதியும் காரணம்.

இன்ஹேலரைப் பற்றி நம்மூரில் இருக்கும் பயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். "பஃப் அடிச்சா பழகிப் போயிரும்", "பொண்ணு பாக்க வர்றவுக கண்ணுல பட்டா என்ன நினைப்பாக?" என்று அலமாரிக்குள் ஒளித்து வைப்பார்கள். விளைவு எண்ணில் தெரிகிறது. உலகத்தின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில். நோய் இங்கே கொடியது என்பதால் இந்த இடைவெளி வரவில்லை. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுக்க வேண்டியவர்கள் எடுக்காமல், மூச்சு முட்டும்போது மட்டும் நிவாரணி அடித்துக்கொள்வதால் வருகிறது. சால்புட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-இலேயே மாறிவிட்டது. தூதுவளை ரசம் குடிக்கிறவர் குடிக்கட்டும். அதைக் காரணம் காட்டி இன்ஹேலரை நிறுத்தியவரை நள்ளிரவில் ஆம்புலன்ஸில்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

மறுபடி சோதிப்பதென்றால்

2015-இல் இந்திய மருந்து விதிகளில் ஒரு புதுக் கதவு திறந்தது. தாவரச் சாற்றைச் சுத்திகரித்து, அதன் செயல்படு பொருள்களை அளந்து காட்டி, நவீன மருந்தைப் போலவே படிப்படியாக மனிதர்களிடம் சோதித்தால் 'பைட்டோஃபார்மசூட்டிகல்' என்ற தனி வகையில் உரிமம் பெறலாம். நச்சறுப்பானுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது அந்த விதி.

மதுரையில் இதைச் செய்ய என்ன இல்லை? நோயாளிகள் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி 1954-இலிருந்து இருக்கிறது. தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை, அதன் பக்கத்திலேயே எய்ம்ஸ் வளாகம். காமராசர் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் உயிரியலும். கொடி வேலியில்.

முதல் வேலை வேலிக்கொடியைத் தோட்டக்கொடி ஆக்குவது. மேலூர் மண்ணில் வளர்ந்ததற்கும் உசிலம்பட்டி மானாவாரியில் வளர்ந்ததற்கும், மழையில் பறித்ததற்கும் கோடையில் பறித்ததற்கும் ஆல்கலாய்டு ஒரே அளவில் இருக்காது. 1979-இன் பொடி தோற்றதற்கு இதுவே காரணமா என்பது அப்போதுதான் தெரியும். அடுத்தது நஞ்சியல்: எத்தனை மில்லிகிராமில் மருந்து, எத்தனையில் வாந்தி, எத்தனையில் அதற்கு மேல். அப்புறம் சில நூறு நோயாளிகள், ஒவ்வாமை ஆஸ்துமா என்று தோல் பரிசோதனையிலும் ரத்தத்திலும் உறுதியானவர்கள் மட்டும். அவர்களுடைய இன்ஹேலரை நிறுத்தாமல், அதற்கு மேல் கூடுதலாக மட்டுமே இலைச்சாறு. அணி மாற்றுவது கிடையாது. யார் எந்த அணியோ கடைசி வரை அதே அணி. ஆறு நாள் போதாது, தையிலிருந்து தை வரை ஒரு முழு ஆண்டு. ஆய்வைத் தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். தோற்றாலும் முடிவை ஒளிக்க முடியாது.

இவ்வளவும் பணமும் பொறுமையும் இருந்தால் நடக்கக்கூடியவை. நடுவில் ஒரு சிக்கலுக்குத்தான் ஆய்வாளர்கள் உட்கார்ந்து மூளையைக் கசக்க வேண்டும். வெற்று மருந்து அணிக்கு என்ன கொடுப்பது? நாக்கைக் கொஞ்சம் எரிக்க வேண்டும், வயிற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும், இரண்டு நாளைக்குச் சட்னியில் உப்பு தெரியாமல் செய்ய வேண்டும், ஆனால் மூச்சுக்குழாயை மட்டும் தொடவே கூடாது. அப்படியொரு பொருளைக் கண்டுபிடிக்கிறவர்கள்தான் சிவபுரி விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியும்.